ஜினிஷாவுக்காகச் சபை இருந்த உபவாசம்

இரண்டு வருடமாகச் சபை மொத்தமும் ஜினிஷாவின் வயிற்றுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தது. ஜெபக் குறிப்பு எழுதிப் போட்டவள் மாமியார் ராஜபாய். ஞாயிறுதோறும் போதகர் பெயர் சொல்லி வேண்டும்போது, முன்வரிசைப் பெண்கள் கண்ணை மூடாமல் திரும்பி அவள் இடுப்பைப் பார்ப்பார்கள். மகள் ஜெஸ்மிக்கு ஐந்து வயது. இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற ஆசை வேறு யாரையும்விட ஜினிஷாவுக்குத்தான் அதிகம். வெள்ளிக்கிழமைகளில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடந்தாள். கோளாறு தன்னிடம்தான் என்று நினைத்து, செய்யாத பாவத்துக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டாள், பைத்தியக்காரி.

கடைசியில் குழித்துறையில் ஒரு டாக்டரம்மாவிடம் ஸ்கேன் பார்த்தபோது குட்டு உடைந்தது.

"உள்ள காப்பர்-டி இருக்கே. இதை வச்சுக்கிட்டா பிள்ளைக்குப் பாக்குறீங்க?"

ஜினிஷாவுக்கு விளங்கவில்லை. கர்ப்பம் தரிக்காமலிருக்க உள்ளே வைக்கும் சின்னக் கம்பி என்றார் டாக்டர். ஜெஸ்மி பிறந்த ஆபரேஷனின்போதே அந்த ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்களாம்.

"எனக்கிட்ட ஆரும் கேக்கல்லியே டாக்டர்."

"வீட்டுல கையெழுத்து வாங்கியிருப்பாங்க."

வீடு பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது. கணவன் ஷாஜன் தரையைப் பார்த்தான்.

"நீங்களா?"

"நீ தியேட்டருக்குள்ள கெடந்த. நர்சு வந்து, அடுத்த பிள்ளைக்குக் கொஞ்சம் இடைவெளி வேணும்ணு சொன்னா. ஒப்பு போட்டேன். பின்ன மறந்தே போச்சு."

"எப்ப ஓர்மை வந்து?"

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான். "போன வருசம், லெந்து நோம்பு நாள்ல. சபையே உபவாசம் இருக்கும்போ எப்பிடி சொல்லுகது? நாணக்கேடு இல்லியா?"

ஜினிஷாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவள் பட்டினி கிடந்த வெள்ளிக்கிழமைகளில் இவன் எல்லாம் தெரிந்துகொண்டே எதிரே உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் மூக்குமுட்டத் தின்றிருக்கிறான். அவள்தான் பரிமாறினாள். நாணக்கேடு இவனுக்காம். ஊர்ப்பேச்சையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள்.

"ரெண்டு நிமிஷ வேலைதான்," என்றார் டாக்டர். "என்ன சார், இப்பவே எடுத்துரலாமா?"

கேட்டது ஷாஜனிடம். அவன் முகம் தெளிந்துவிட்டது. "எடுத்திருங்க டாக்டர்."

ஜினிஷா ஸ்கேன் கட்டிலிலிருந்து இறங்கிச் சேலையைச் சரிசெய்தாள்.

"எடுக்கண்டாம்."

"ஏட்டி, கோட்டி பிடிச்சிருக்கா? பிள்ளை வேணும்ணு முட்டுப் போட்டு அழுதது நீதானே?"

"நான்தான். இப்பமும் வேணும்." அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "உங்களுக்க பிள்ளைதான் வேண்டாம்."