பீட்சா கடைக்கு நான் எழுதிய எட்டாவது வரி

1

ஒரு பீட்சா கடையைப் பற்றி இணையத்தில் எட்டு வரி எழுதினேன். ஏழு வரி உண்மை. எட்டாவது வரி நான் இட்டுக்கட்டியது. அதனால் ஒரு பெண்ணின் பதவி உயர்வு நின்றுபோயிருக்கிறது. இந்தக் கதையை எழுத வேறு காரணம் எதுவும் இல்லை.

கடைசியில் திறந்துகாட்ட வேண்டிய விஷயத்தை முதலிலேயே போட்டு உடைக்கிறாயே என்று நீங்கள் கேட்கலாம். என் கதைகளில் திருப்பத்துக்காகக் காத்திருந்து ஏமாந்தவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர். அந்தப் பாவம் இந்தக் கதையிலாவது வேண்டாம்.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: "சித்தூரில் அன்று காலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் வெண்ணெய் வாசனை மிதந்து—"

அன்று மழை பெய்யவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. அடித்துவிட்டேன்.

2

நான் சித்தூரில் குடியிருக்கிறேன். வேலை திருப்பதியில், ஒரு தனியார் அலுவலகத்தில். தினமும் பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் கதை எழுதுவதாகத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் கடைகளைப் பற்றி ஊரார் எழுதும் கருத்துகளைப் படித்துக்கொண்டிருப்பேன்.

நம் பீட்சா கடையின் பக்கத்தில் நூற்றுச் சொச்சம் கருத்துகள் உண்டு. "சீஸ் கம்மி, பேச்சு ஜாஸ்தி" என்று ஒருவர். "இன்னும் சாப்பிடவில்லை, பார்க்க நன்றாக இருந்தது" என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்த ஒருவர். "தரிசனம் அருமையாக நடந்தது, லட்டு கிடைத்தது" என்றும் ஒன்று இருக்கிறது. காணிப்பாக்கம் கோயிலுக்குப் போட வேண்டியதைக் கை தவறி இங்கே போட்டிருக்கிறார். அதற்கும் கடைக்காரர் பணிவாக நன்றி சொல்லியிருக்கிறார்.

இவற்றுக்கு நடுவே என்னுடையது. ஒரு நட்சத்திரம். எல்லாரும் படிக்க வேண்டும் என்று தெலுங்கில் எழுதினேன். தமிழில் தருகிறேன்:

"விஜயதசமி அன்று வெஜ் பீட்சா கேட்டோம். முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. பெட்டியின் மேல் வெஜ் அடையாளம் இருந்தது. உள்ளே சிக்கன் இருந்தது. புரட்டாசி விரதத்தில் இருந்த என் மனைவி ஒரு வாய் கடித்துவிட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போனேன். கவுன்டரில் இருந்த தேவயானி என்ற பெண்ணிடம் காட்டினேன். அவர் சிரித்தார்."

கீழே என் முழுப் பெயர், தணிகைவேல். இதைப் 'பயனுள்ளது' என்று நானூற்றுப் பன்னிரண்டு பேர் அமுக்கியிருக்கிறார்கள்.*

* என் சிறுகதைத் தொகுப்பு மூன்று வருடத்தில் நூற்றெழுபது பிரதி போனது. அதில் இருபத்தைந்து நானே வாங்கியது.

3

இனி, நடந்தது.

அந்தக் கடையில் வெஜ்ஜுக்கும் சிக்கனுக்கும் ஒரே பெட்டிதான். தனித்தனியாக அச்சடித்தால் செலவு என்று முதலாளி வேங்கடாசலம் ஒரே மாதிரி வாங்கிப் போட்டுவிட்டார். அடையாளத்துக்குத் தேவயானி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். வெஜ் பெட்டியின் மூலையில் விரலால் ஒரு மஞ்சள் பொட்டு. குழைத்த மஞ்சள் ஒரு கிண்ணத்தில் எப்போதும் இருக்கும். இரண்டு வருடமாக ஒரு பெட்டி மாறியதில்லை. வண்டியில் கொண்டுபோகும் கங்கையா பொட்டைப் பார்த்துத்தான் எடுப்பார்.

ஆயுதபூஜை வந்தது. வேங்கடாசலம் பக்திமான். அடுப்புக்கு, கத்திக்கு, ஸ்கூட்டருக்கு என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், சோறு போடுவதே இதுதானே என்று அடுக்கியிருந்த பெட்டிகளையும் விடவில்லை. ஒன்று விடாமல் எல்லாவற்றின் மூலையிலும் மஞ்சள் வைத்துவிட்டார்.

மறுநாள் விஜயதசமி. என் மகள் ஹர்ஷினிக்கு லீவு. பீட்சா கேட்டாள். புரட்டாசி என்பதால் வெஜ் சொன்னோம். மஞ்சள் பொட்டோடு பெட்டி வந்தது. காளான் என்று நினைத்துத்தான் என் மனைவி மஞ்சு கடித்தாள்.

துப்பினாள், வாய் கொப்பளித்தாள், தலைக்குக் குளித்தாள், விளக்கேற்றினாள். "தெரியாம நடந்தது. பெருமாளுக்குத் தெரியும், வுடுங்க" என்றாள். விஷயம் அவளளவில் அங்கேயே முடிந்துவிட்டது. எனக்குத்தான் முடியவில்லை. விரதம் அவளுடையது, கோபம் என்னுடையது.

கடைக்குப் போய்ப் பெட்டியைத் தட்டென்று வைத்தேன். தேவயானிக்கு முப்பது வயதிருக்கும். சட்டையில் பெயர் குத்தியிருந்தது. பெட்டியைப் பார்த்தார். திரும்பிப் பின்னால் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். எல்லாவற்றிலும் மஞ்சள். முகம் வெளுத்துவிட்டது.

"யாரு சார் துன்னது?"

"என் மனைவி."

"ஐயோ" என்று இரண்டு கையையும் கூப்பினார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நேத்து பூஜையில ஓனரு எல்லாத்துக்கும் மஞ்ச வெச்சிட்டாரு சார். நான் பாத்துக்கினேதான் இருந்தேன். இப்பிடி ஆவும்னு தோணல. சாமிக்கு வெச்ச பொட்ட அழிங்கன்னு யாரு சார் சொல்றது? தப்பு என்னுதுதான். அம்மாகிட்ட சொல்லுங்க, மன்னிச்சிக்கணும்னு" என்றார்.

இதில் சிரிப்பு எங்கேயும் இல்லை. இன்னொரு முறை படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

4

அப்புறம் ஏன் எழுதினேன்?

அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன். ஏழு வரி ஓடி வந்தது. எட்டாவது வரியை "அவர் மன்னிப்புக் கேட்டார்" என்றுதான் எழுதினேன். படித்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. கேட்ட மன்னிப்போடு முடிந்தால் படிப்பவர் ஏன் கோபப்பட வேண்டும்? அடித்துவிட்டு "அவர் சிரித்தார்" என்று போட்டேன். பத்தி எழுந்து நின்றது. இருபது வருடம் கதை எழுதிய கைக்கு அது தெரியும். அந்த நொடியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

மஞ்சு போனில் படித்துவிட்டு வந்தாள்.

"அந்தப் பொண்ணு சிரிச்சுதா?"

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டன்னா?"

போனை வாங்கி வைத்துவிட்டேன். அவள் அப்புறம் கேட்கவில்லை.

(இந்த இடத்தில் என் மனசாட்சி உறுத்தியதாக ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். உறுத்தவில்லை. எத்தனை பேர் அமுக்கியிருக்கிறார்கள் என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

5

மார்கழியில் ஒரு நாள் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். திருப்பதி பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு பேனர். நம் கடையின் கிளை, சங்கராந்தி அன்று திறப்பு. அந்த வாரம் விடுமுறை நாளில், கதைக்குப் பொருள் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டு சித்தூர்க் கடைக்குப் போனேன்.

தேவயானி உள்ளே இருந்தார். கவுன்டரில் வேறொருவர். வெஜ் பீட்சா ஒன்று சொல்லிவிட்டு நான் காத்திருந்த நேரத்தில் கங்கையா ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். திருப்பதிக் கடையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன்.

"அக்காதான் போவணும் சார். முன்னாலயே சொல்ட்டாரு ஓனரு. இப்ப அவரு தம்பி மவன் போறாரு."

"ஏன்?"

"எவரோ ஒரு சார் ரிவ்யூ எழுதினாரு. அக்கா சிரிச்சாங்கன்னு."

வேங்கடாசலம் சொன்னதைக் கங்கையா அப்படியே நடித்துக் காட்டினார். "தப்பு யாருக்கும் வரும். கஸ்டமரு விரதம் கெட்டு வந்து நிக்கறாரு, மூஞ்சிக்கு நேரா சிரிக்கறதா? இந்தப் பொண்ண நம்பி ஊரு வுட்டு ஊரு கடைய எப்பிடி வுடறது?" தேவயானி சத்தியம் செய்து பார்த்திருக்கிறார். அதற்கு முதலாளி, "இவ்ளோ நல்லா எழுதறவரு பொய் எழுதுவாரா?" என்று கேட்டாராம்.

என் எழுத்தை இவ்வளவு நம்பிய வாசகர் எனக்கு வாய்த்ததே இல்லை.

"அக்கா மக நகரியில கீது சார், ரெண்டாங்கிளாஸ். வீட்டுக்காரரு பவர்லூம் ஓட்டறாரு. இங்க ஆஸ்டல்ல தங்கிக்கினு வாரத்துக்கு ஒரு நாளு போறாங்க. திருப்பதின்னா டெய்லி போய்க்கினு வந்துக்கினு இருக்கலாம். வடமாலபேட்டை, புத்தூரு, அப்பறம் நகரி. அவ்ளோதானே?"

அவ்வளவுதான். அந்த வழி எனக்கும் தெரியும்.

6

இங்கே மூன்று முடிவுகளை யோசித்தேன்.

அ. வீட்டுக்குப் போய் அந்த எட்டு வரியை அழித்துவிடுகிறேன். இது ஆகாது. வேங்கடாசலம் அதை அச்செடுத்து, லேமினேட் செய்து, பெட்டி கட்டும் மேசைக்கு மேல் மாட்டியிருக்கிறார், பாடமாக. தேவயானி தினமும் அதற்குக் கீழே நின்றுதான் பொட்டு வைக்கிறார்.

ஆ. வேங்கடாசலம் எதிரே போய் நின்று, "அந்தத் தணிகைவேல் நான்தான், அந்தப் பெண்—"

இ. மஞ்சுவை அழைத்துக்கொண்டு போகிறேன். அவளே பேசிவிடுவாள். நன்றாகவும் பேசுவாள். ஆனால் அதற்குமுன் நான் அவளுக்கு அந்தக் 'கிட்டத்தட்ட'வை விளக்க வேண்டும்.

நடந்தது இவை எதுவும் இல்லை. என் பீட்சாவோடு தேவயானியே வெளியே வந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அன்று அவர் பார்த்தது பெட்டியை. இப்போதெல்லாம் ஒவ்வொரு பெட்டியையும் வாடிக்கையாளர் முன்னால் திறந்து காட்டித்தான் கொடுக்கிறார்.

"பாத்துக்கோங்க சார். வெஜ்ஜு. சரியா?"

"சரி."

மேசைமேல் நான் வைத்திருந்த சிற்றிதழை நகர்த்தி அந்த இடத்தைத் துடைத்தார். "தமிழா சார்? என்னா போட்டுக்கீது?"

"கதை."

"எனக்குப் பேச வரும், படிக்க வராது சார். தெலுகு மீடியம்" என்றார். பெட்டியில் எழுதப் பேனாவை எடுத்தார். "பேரு சொல்லுங்க சார்."

அவர் தலைக்குப் பின்னால், சமையலறைக் கதவு வழியாக, என் பெயர் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

"சீனு" என்றேன்.

சீனு என்று தெலுங்கில் எழுதிக் கொடுத்தார்.

7

ஆக, ஒன்பதாவது வரியும் பொய்யாகிவிட்டது.

பொய்யைத் தெலுங்கில் எழுதினேன். ஊரே படித்தது. உண்மையைத் தமிழில் எழுதியிருக்கிறேன், முந்நூறு பிரதி அச்சாகும் ஒரு இதழில், அவரால் படிக்க முடியாத எழுத்தில். இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை என்று சொல்ல ஆசைதான். நீங்கள் நம்புவீர்களா என்று தெரியவில்லை. நானே என்னை நம்புவதாக இல்லை.

அதனால் முடிவு உங்களிடம். தேவயானிக்குப் படிக்கத்தான் வராது, கேட்டால் புரியும். வேங்கடாசலத்துக்கும் தமிழ் நன்றாகப் புரியும். உங்களில் யாராவது சித்தூர்ப் பக்கம் போனால், இருவரையும் நிற்க வைத்து இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். முழுதும் வேண்டாம், மூன்றாம் பகுதி போதும். அந்த மஞ்சளை வைத்தது யார் என்பதும் அதில் இருக்கிறது. எழுதியவன் பெயரைக் கேட்டால் சீனு என்று சொல்லாதீர்கள்.

நீயே போகலாமே, பத்து நிமிட நடைதானே என்பீர்கள்.

[இந்த இடத்தில் அதற்கு ஒரு பதில் எழுதினேன். மிக நன்றாக வந்தது. அதனால் அடித்துவிட்டேன்.]

சங்கராந்திக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. இந்த இதழ் தபாலில் உங்கள் கைக்கு வரப் பத்து நாள் ஆகும்.