சாயம் போடாத நிறம்

"இதுல என்ன சாயம் போட்ட?"

"சாயமே போடலைங்க."

"கதை விடாத. நேரா பிடிச்சா பச்சை, சாய்ச்சா ஊதா. சாயம் இல்லாம எப்படி வரும்?"

"சி.டி.யில யாரு சாயம் பூசினா? அதுல நிறம் தெரியறதில்லையா?"

"அப்ப இது பாட்டும் பாடுமா?"

"பாடாது. மண்ணுல போட்டா மக்கிப் போகும்."

என் வீட்டுக்காரரும் நானும் சாப்பாட்டு மேசையில் இப்படிப் பேசிக்கொண்டது போன வருடம். அன்று நான் காட்டியது நகத்தளவு பிளாஸ்டிக் தாள் துண்டு. அதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க அண்ணி பெரிய மூளைக்காரி" என்று தங்கைக்குப் போன் போட்டார். பெருமை வந்தால் அவருக்கு அடக்கத் தெரியாது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் தெரியாது.

எனக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்தபோது, "அவ்வளவு தூரம் நீ அலைய வேண்டாம், வரலைன்னு காலேஜுக்கு நானே சொல்லி அனுப்பிட்டேன்" என்றார். என் பழைய ஸ்கூட்டரை விற்றுப் புதிது வாங்கி வாசலில் நிறுத்தினார். அதில் எனக்குக் கால் தரையில் எட்டவில்லை. எல்லாம் பாசத்தில் செய்தவை. பாசத்தோடு எப்படிச் சண்டை போடுவது? ஒவ்வொரு முறையும் ஒரு வாக்கியம் நாக்கு நுனி வரை வரும். விழுங்கிவிடுவேன்.

எங்களுடையது பொட்டலத் தாள் செய்யும் சின்னத் தொழிற்சாலை. ஆர்டர் பிடிப்பது அவர். கணக்கு, நாத்தனார். ஊழியர்கள் அவளை 'மேலிடம்' என்பார்கள். அது அவளுக்கும் தெரியும், பிடிக்கவும் பிடிக்கும். பின்பக்கத்துச் சோதனை அறை என்னுடையது. அங்கே மக்கும் பிளாஸ்டிக்கை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் உருக்கி, அடுப்பின் சூட்டை இம்மி இம்மியாகக் குறைப்பேன். ஆறும்போது உள்ளே படிகங்கள் வட்டம் வட்டமாக வளரும், குறுக்கே வெட்டிய வெங்காயம் மாதிரி. பிறகு ஒரு திரவத்தில் கழுவினால் மெத்தென்ற வளையங்கள் கரைந்துபோய், கெட்டியானவை கண்ணுக்குத் தெரியாத வரப்புகளாக நிற்கும். வெளிச்சம் அந்த வரப்புகளில் பட்டுப் பிரியும். அதுதான் நிறம்.

உள்ளங்கை அகலத்தில், ஒரு மூலை விடாமல் நிறம் வந்த தாள் இந்த மாதம்தான் கிடைத்தது. ஒன்றே ஒன்று. அதைப் பார்க்க சோப்புக் கம்பெனி அம்மா வருவதாக இருந்தது. சாயமே சேராத சோப்பு விற்கிறவர்; அதைச் சுற்றும் தாளிலும் சாயம் கூடாது என்பவர். அவருக்குப் பிடித்தால் என் அறை நிலைக்கும். இல்லையென்றால் அங்கே அட்டைப் பெட்டி அடுக்குவதாக மேலிடத்து உத்தரவு.

அந்த அம்மா வந்து உட்கார்ந்ததும், என் வீட்டுக்காரர் ஒரு கண்ணாடிப் பெட்டியோடு வந்தார். எனக்கே தெரியாமல் செய்து வைத்த ஏற்பாடு. முகமெல்லாம் சிரிப்பு. மூடியைத் திறந்து தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

பளபளவென்று இருந்தது. வெள்ளையாக இருந்தது.

சாய்த்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். வெள்ளைதான்.

"தயாரிப்புல ஏதோ பிசகு போலிருக்கு மேடம்," என்றார். "இவ சரி பண்ணிடுவா."

பிசகு. என் தயாரிப்பில். தாளை வாங்கினேன். கையில் எடுத்ததுமே வாசனை வந்துவிட்டது.

"இதுல என்ன பூசினீங்க?"

"ஒண்ணுமில்ல. விரல் ரேகை படாம இருக்க லேசா வார்னிஷ். நிறமே இல்லாத வார்னிஷ்தான். ரொம்பப் பதமா அடிச்சேன்."

"வீட்டுக் கதவுக்கு வாங்கினதா அண்ணா?" என்றாள், கணக்கு நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார்.

"மிச்சம் இருந்துச்சு."

"அண்ணி, அந்த அறைக்கு ஒரு பூட்டு போடுங்கன்னு நான் அப்பவே சொன்னேன்."

"நீ சும்மா இரு. தண்ணி மாதிரி இருந்த வார்னிஷ், அது எப்படி நிறத்தை எடுக்கும்?"

"வரப்புக்கு நடுவுல இருந்த பள்ளத்தையெல்லாம் அது ரொப்பிடுச்சு," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "மேடு பள்ளம் இல்லன்னா நிறம் இல்ல. இனி இதைக் கழுவவும் முடியாது. வார்னிஷைக் கரைக்கிறது தாளையும் கரைச்சிடும்."

சோப்பு அம்மா கை நீட்டித் தாளை வாங்கினார். "இந்த ஓரம் என்ன?" என்றார்.

பூசும்போது கிளிப் கவ்வியிருந்த இடம். வார்னிஷ் படாமல் விரல் அகலத்துக்குத் தப்பியிருந்தது. அவர் சாய்க்கச் சாய்க்கப் பச்சை ஓடி நீலமாகி, ஊதாவில் போய் முடிந்தது. அவர் மறுபடியும் நாலைந்து தடவை சாய்த்துப் பார்த்தார்.

"முழுத் தாள் இப்படியே இருக்குமா? எப்ப கிடைக்கும்?" என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நாளைக்கே தர்றோம் மேடம்," என்றார் இவர்.

"நாளைக்குக் கிடைக்காது," என்றேன். "ஆற விடவே நாள் பிடிக்கும். அவசரப்பட்டா வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். ஒரு மாசம் வேணும் மேடம்."

"ஒரு மாசம்னா எனக்குச் சரி..." என்று அவர் தொடங்கும் முன்பே இவர் குறுக்கே விழுந்தார்.

"மாசமெல்லாம் எதுக்கு மேடம், பத்து நாள் போதும். நான் இவகிட்ட பேசிக்கறேன்."

நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். பிறகு எங்கே வைத்து, யாரிடம் பேசப்போகிறார்?

நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டேன். நாத்தனார் பேனாவைக் கீழே வைத்தாள். வந்தவர் எதிரில் வேண்டாம் என்று உள்ளே ஒரு பழக்கம் சொல்லத்தான் செய்தது.

"ஏங்க," என்றேன். "என் வேலையா இருந்தாலும் சரி, என் விஷயம் எதுவா இருந்தாலும் சரி, முடிவு பண்றதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேளுங்க."