மத்தியானக் கூடம்

மாடியம்மா கட்டில் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுபதைத் தாண்டிய மனுஷி, ஊசிக்குப் பயந்த குழந்தை மாதிரி. ஆயா ஒரு கையைப் பிரித்தால் மறு கை போய் ஒட்டிக்கொண்டது.

"எனக்கு ஏசியே வேணாம்டி. ஈரத்துணியப் போட்டுக்கிட்டு இங்கயே கிடக்கறேன். விட்டுடு."

மேனேஜர் பெண் வாசலில் நின்று சிரித்தாள். கெட்டவள் இல்லை, பாவம். முதியோர் இல்லத்தின் கரண்ட் செலவைக் குறைக்க மண்டையை உடைத்துக்கொண்டு அவள் கண்டுபிடித்த வழி அது. மத்தியானத்தில் அறைக்கு அறை ஒற்றை ஆளுக்காக ஓடுகிற ஏசியையெல்லாம் அணைத்துவிட்டு, எல்லாரையும் கீழே சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைப்பது. ஜன்னலுக்குக் கனத்த திரை, தலைக்கு மேல் மின்விசிறி, இரண்டே ஏசி. வெயில் சாயும்வரை அறையில் யாரும் இருக்கக் கூடாது. போன கோடையில் மாடியில் ஒருவர் வெக்கை தாங்காமல் விழுந்து போயே போய்விட்டார். அதனால் இந்த விஷயத்தில் அவள் யாருக்கும் இளகுவதாக இல்லை.

"எழுந்திரிங்கம்மா. உங்களுக்குன்னே இடம் போட்டு வெச்சிருக்கேன். ஐயா பக்கத்துல."

மாடியம்மா கட்டில் காலை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

ஐயா என்பது அவள் புருஷன். "ரெண்டு பேரும் ஒண்ணா இருங்க" என்று மகன் இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டான். வந்த அன்றே அவள் மாடி அறைதான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். மொட்டைமாடிக்கு நேர் கீழே வேகிற அறை அது. கிழவிக்குக் கிறுக்கு என்றார்கள். அங்கே லிஃப்ட் கிடையாது, அவருடைய சக்கர நாற்காலி படி ஏறாது என்பதை வாசலிலேயே அவள் கண்டுகொண்டது யாருக்குத் தெரியும்? குழம்பில் உப்பு ஏறினால் ஓர் அறை, இறங்கினால் ஓர் அறை என்று நாற்பது வருஷம் வாங்கியவள். தலைமுடியைக் கையில் சுற்றிச் சுவரில் மோதுவார். ஒருமுறை மிதித்த மிதியில் வயிற்றில் இருந்தது கலைந்தே போனது. வெளியில் அவருக்குத் தங்கமான மனுஷர் என்று பெயர். பிள்ளைக்காகப் பொறுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டாள். பிள்ளையோ அத்தனையையும் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தான்.

கடைசியில் இரண்டு பேர் சேர்ந்து அவளைத் தூக்காத குறையாக இறக்கினார்கள். "கல்யாணப் பொண்ணுக்கு வெக்கத்தப் பாருங்களேன்!" என்றாள் மேனேஜர். கூடமே சிரித்தது.

கூடம் குளுகுளுவென்றிருந்தது. "எல்லாருக்கும் சௌகரியமா இருக்கா?" என்று மேனேஜர் கேட்க, இருக்கு இருக்கு என்று நாலா பக்கமும் குரல். மாடியம்மாவுக்கு மட்டும் முதுகு தொப்பலாக வேர்த்தது. பாழாய்ப்போன வாதம் அருகில் இருந்த ஐயாவின் இடது பக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. வலது கை மடிமேல் அப்படியே பழைய கையாகக் கிடந்தது.

"குளிருதுடி. போர்த்து."

வாய் கோணியிருந்தாலும் அந்த 'டி' கோணவில்லை. அவளைக் கேட்காமலே அவள் கைகள் எழுந்து போர்வையை விரித்தன. தன் கைகள் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. போர்வைக்கு அடியில் அவர் விரல்கள் அவள் மேற்கையின் சதையைப் பிடித்துத் திருகின. முகம் மட்டும் சிரித்தபடி இருந்தது.

"மாடில போய் ஒளிஞ்சுக்கிட்டா விட்டுடுவேனா, நாயே?"

மேசையில் எவர்சில்வர் ஜக்கு, நிறையத் தண்ணீரோடு. எடுத்து அவர் நெற்றியில் அடித்தாள். தண்ணீரும் ரத்தமும் சேர்ந்து தெறித்தன. தடுக்க வந்த கையின் முட்டியில் ஓர் அடி. எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. அப்புறம் வாயில். பல் செட்டு எகிறி விழுந்தது. நாற்காலி சாய்ந்து அவர் தரையில் உருண்ட பிறகும் குனிந்து குனிந்து அடித்தாள். துணி துவைப்பவள் போல மூச்சு மட்டும் வந்தது.

"ஐயோ, கொல்றாளே! பிடிங்க யாராவது!"

இழுத்துப் பிரித்தார்கள். "உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று மேனேஜர் கத்தினாள். ஆயாதான் மாடியம்மாவின் ரவிக்கைக் கையை ஏற்றிக் காட்டினாள். கன்றிச் சிவந்த புதுத் தடம், சுற்றிலும் பழைய தழும்புகள். மேனேஜர் அவளைப் பிடித்திருந்தவர்களை விடச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் தையலும் கட்டும் போட்டு அவரை மறுநாளே இல்லத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேனேஜர் மூச்சிரைக்க மாடியேறினாள். கணக்கு எக்கேடோ கெட்டுப் போகட்டும், மாடியிலேயே ஏசியைப் போட்டுவிடலாம் என்று. அறை காலி. தேடினால், மாடியம்மா தலைவாரி, வெளுத்த புடவை கட்டி, எல்லாருக்கும் முன்னால் கூடத்துக்கு வந்து ஏசிக்கு நேரே உட்கார்ந்திருக்கிறாள்.

"நீங்க மேலயே இருங்கம்மா. ஏசி போடச் சொல்லிட்டேன்."

"ஒத்த ஆளுக்கு எதுக்குத் தனியா கரண்ட்டு?" என்றாள் அவள்.

ஐயாவைக் கூடத்தின் அந்தக் கோடியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அட்டெண்டர் கதவைத் திறந்து நாற்காலியை உள்ளே தள்ளினார். அது நகரவில்லை. இன்னும் தள்ளினார். குனிந்து பார்த்தால், கட்டுப்போட்ட கை கதவு நிலையைப் பிடித்திருக்கிறது.

"கையை எடுங்க ஐயா."

எடுக்கவில்லை. அவர் கண் எதிர்க்கோடியிலேயே நின்றது.

"கதவச் சாத்துங்கப்பா, குளிரெல்லாம் வெளிய போகுது!" என்று உள்ளேயிருந்து ஒருவர் அதட்டினார்.

மாடியம்மா எழுந்து, தன் பக்கத்து நாற்காலியை இழுத்து ஓரமாகப் போட்டு, சக்கர நாற்காலிக்கு இடம் பண்ணினாள்.

"இங்க கொண்டாங்க," என்றாள்.

அட்டெண்டர் நிலையிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினார்.