பாறைமேல் நிற்கும் தங்கை

செத்த நான்காம் வருடம் வழிகாட்டியின் தங்கை கர்ப்பமானாள். அதை முதலில் கண்டுபிடித்தவள், தனியார் வனக் காப்பகத்தின் அருவியைப் பார்க்க வந்திருந்த ஒரு பல் டாக்டரின் மனைவி. கைபேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பாறை மேல முதுகு காட்டி நிக்குதே ஒரு பொண்ணு, இடுப்புல கைய ஊனியிருக்கிற விதத்தப் பாருங்க. ரெண்டு பெத்தவ சொல்றேன், மாசம் ஆறுக்குக் குறையாது. வழுக்கப் போகுது, இறங்கச் சொல்லுங்க" என்றாள். வழிகாட்டி ஜீப்பைக் கிளப்பினார்.

தங்கை படங்களில் வருவது அதற்குள் எல்லோருக்கும் பழகியிருந்தது. கண்ணுக்குத் தெரியமாட்டாள். அண்ணன் எடுக்கும் படத்திலும் வரமாட்டாள். வெளியாள் எடுத்தால் மட்டும், தண்ணீர் விழும் இடத்தை ஒட்டிய பாறையில் நனைந்த தலையோடு, முதுகைக் காட்டியபடி நிற்பாள். காப்பக முதலாளி நியாயமான மனிதர். வாசல் பலகையில் பறவைகளின் பெயர்களுக்குக் கீழே, "படத்தில் கூடுதலாக வருபவர்களுக்குக் கட்டணம் இல்லை" என்று எழுதிப் போட்டார்.

முதுகைக் காட்டக் காரணம் இருந்தது. உயிரோடு இருந்தபோது அவள், காப்பகத்துக்கு ஜல்லி ஏற்றி வந்த லாரிக்காரரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். அண்ணன் கத்தவில்லை, கை ஓங்கவில்லை, பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே கூரையின் கீழ் ஒரு மழைக்காலத்திலிருந்து அடுத்த மழைக்காலம் வரை ஒரு சொல் கிடையாது. உப்பு வேண்டுமென்றாலும் மனைவி மூலம்தான் கேட்பார். தங்கையும் லேசுப்பட்டவள் அல்ல. மத்தியானம் அண்ணனின் சாப்பாட்டு டப்பாவை அருவிப் பாறையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். அவர் சாப்பிட்டு முடித்ததும் எடுத்துப் போவாள். அப்படி நின்ற ஒரு நாளில் பாசி வழுக்கியது. உடலைக் கீழே மூங்கில் புதரருகே எடுத்தார்கள். விழும்போது அவள் கூப்பிட்டாளா என்று அருவி இரைச்சலில் அவருக்குத் தெரியவில்லை. கூப்பிட்டிருந்தால் 'அண்ணே' என்றா கூப்பிட்டிருப்பாள் என்ற கேள்வி மட்டும் அவரோடு தினமும் பாயில் வந்து படுத்துக்கொண்டது.

குழந்தை பிறந்தது. பெண். தாயின் தோளுக்கு மேலாகப் படம் எடுக்கிறவரைப் பார்த்துச் சிரித்தது. காதுகள் இரண்டும் லாரிக்காரருடையதைப் போலவே விரிந்து நின்றன. அவருக்கோ வேறு கல்யாணம் ஆகியிருந்தது. "நான் அந்தப் பக்கம் போயே எத்தன வருஷம் ஆச்சு!" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். "செத்தவளக்கூட விட்டு வைக்கலியாய்யா நீ?" என்று மனைவி கதவைச் சாத்தினாள். ஒரு வாரம் லாரியில்தான் படுக்கை.

வழிகாட்டியின் மனைவி தையல்காரி. பாறையிலிருந்த வெடிப்பின் உயரத்தை நாடாவால் அளந்துவரச் சொல்லி, படத்தோடு ஒப்பிட்டு நாத்தனார் மகளுக்குக் கவுன் தைத்தாள். பாறையில் வைத்துவிட்டு வந்தார்கள். அடுத்த படத்தில் பிள்ளை அதைப் போட்டிருந்தது. சட்டைக் கைக்குள் பிள்ளையின் கைகளைக் காணோம்.

"பிள்ளைக்குத் தைச்சியா, தலையணைக்குத் தைச்சியா?"

"வளர்ற பிள்ளைதானே, அடுத்த வருஷம் சரியாயிடும்."

சரியாகவும் ஆயிற்று. பிள்ளைக்கு முன்பல் விழுந்து முளைத்தது. அண்ணனுக்கு நரைத்தது, தங்கைக்கும் பின்னந்தலையில் நரைத்தது. அவள் திரும்பவில்லை. அண்ணன் போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "ஒரே ஒரு தடவ படத்தக் காட்டுங்களேன்" என்று கெஞ்சி வாங்கிப் பார்ப்பார். முதுகுதான். ஆளில்லாத நேரம் பாறைக்கு எதிரே நின்று வாயைத் திறப்பார். நிறுத்திய பேச்சை எந்த இடத்தில் தொடங்குவது என்று தெரியாமல் மூடிக்கொள்வார்.

பிறகு மழை பொய்த்தது. அருவி இளைத்து நூலாயிற்று. படங்களில் தங்கையின் முதுகு வழியே பாறையின் வெடிப்பு தெரிய ஆரம்பித்தது. அடுத்த மாதம் பிள்ளையின் கவுன் மட்டும் பளிச்சென்றும் பிள்ளை மங்கலாகவும் விழுந்தன. அருவி நின்றால் திரும்பாமலேயே போய்விடுவாள் என்று அவருக்குப் புரிந்தது.

அந்தக் கோடையில் வந்த கடைசி ஆள் ஒரு நர்ஸ். வெயிலுக்கு அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார் வழிகாட்டி. அவள் படம் எடுத்தாள், பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க எப்ப அங்க போனீங்க?"

படத்தில் அவர் பாறைமேல் உட்கார்ந்திருந்தார். மடியில் பிள்ளை. தங்கை முழுதாகத் திரும்பி உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் வாய் ஏதோ சொல்லில் பாதி திறந்திருந்தது.

"நான் என்னம்மா பேசிக்கிட்டு இருந்தேன்?"

"எனக்கெப்படித் தெரியும்? நீங்க இங்க வாயே தொறக்கலியே."

படத்தைத் தன் கைபேசிக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னத்தப் பேசியிருப்பீங்க? சாப்பிட்டியான்னு கேட்டிருப்பீங்க. அதக் கேக்க இத்தன வருஷம்!" என்றாள்.

மழை தாமதமாக வந்தது, அருவி தடித்தது. அதன்பின் யார் படம் எடுத்தாலும் பாறைமேல் மூன்று பேர்தான். எல்லாவற்றிலும் வழிகாட்டி கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே இருக்கிறார். இந்தப் பக்கம் அவருக்கு ஒரு சொல்லும் கேட்பதில்லை. ஆனால் சாயங்காலம் வீடு திரும்பும்போது தொண்டை கட்டிக்கொண்டிருக்கும். மனைவி வெந்நீர் வைத்துக் கொடுக்கிறாள்.