வட்டத்துக்குள் சாவி

நாடகக்காரர் தெருவில் சாக்பீஸால் போட்ட வட்டத்துக்குள் கால் வைத்தவர்களால், நாடகம் முடியும்வரை காலைத் தூக்க முடியாது. கை ஆடும், வாய் பேசும், பாதம் மட்டும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அரங்கத்தையும் திரையையும் உதறிவிட்டு இந்த ஊரில் முதன்முதலாகத் தெருவில் நாடகம் போட்டவர் அவர்தான். முதல் வருடம் ஜனங்கள் பயந்தார்கள். மூன்றாவது வருடம், பஸ் பிடிக்க வேண்டியவர்கள் ஓரடி தள்ளி நின்று பார்க்கப் பழகிவிட்டார்கள். டீக்கடைக்காரர் வியாபாரத்தை முன்னிட்டு எப்போதும் வெளியேதான். "என் நாடகத்துல பாதியில கிளம்பிப் போனவன் ஒருத்தனும் இல்லை" என்று நாடகக்காரர் பீற்றிக்கொள்வார். கடைசிக் காட்சியை மட்டும் அவர் எழுதுவதில்லை. கூட்டத்தைக் கேட்டுத்தான் முடிப்பார்.

அவர் மனைவிக்கு நூல் ஆலையில் வேலை. பெண்கள் நூலைத் திருடுவார்களாம். ஷிப்ட் முடியும்வரை கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார் மேனேஜர். ஒரு நாள் பகலில், மனைவி உள்ளே வேலையில் இருக்கும்போதே, நாடகக்காரர் ஆலை வாசலில் அந்தப் பூட்டிய கதவையே நாடகமாகப் போட்டார். மேனேஜர் நாலு தடியர்களை ஏவினார். விவரம் தெரியாமல் வட்டத்துக்குள் பாய்ந்தவர்கள் அப்படியே ஒட்டிக்கொண்டார்கள். அவர்களில் பெரியவன், தடிக்கு அரை முழம் எட்டாத தூரத்தில் நின்று கத்தினான்: "சீக்கிரம் முடிய்யா. முடிச்சதும் இருக்கு உனக்கு." நாடகக்காரர் தடிக்கு எட்டாமல் உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டார். வழக்கப்படி கூட்டத்தைக் கேட்டார். "கதவைத் திறந்து எல்லாரும் வெளிய வரணும். நிஜமாவே வரணும்" என்றாள் ஒரு பெண். கூட்டம் மொத்தமும் ஆமாம் போட்டது. தன் ஆட்களைத் திட்ட வந்த மேனேஜரும் ஆத்திரத்தில் கோட்டைத் தாண்டி, பெரியவன் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டார்.

அப்போதுதான் ஆலை ஜன்னலில் புகை தெரிந்தது. கதவு ஐம்பதடி தள்ளி, சாவி வட்டத்துக்குள். உள்ளே நாற்பத்தொரு பெண்கள் அலறினார்கள். பெண்டாட்டி புகைக்குள் இருக்க, ஓரடி நகர முடியாமல் தன் கால்களைத் தானே அறைந்துகொண்டு நின்றார் அந்த மனுஷன். மேனேஜரோ இடுப்பை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "முதலாளி சொல்லாம தர முடியாது" என்றார்.

"என் தங்கச்சியும் உள்ளதான்யா இருக்கா!" பெரியவன் தடியைப் போட்டுவிட்டுச் சாவியைப் பிடுங்கி அடுத்தவர் கையில் கொடுத்தான். கை மாறிக் கை மாறி அது கோட்டோரம் வந்தது. வழக்கம்போல் வெளியே நின்றிருந்த டீக்கடைக்காரர் வாங்கிக்கொண்டு கதவுக்கு ஓடினார்.

நாற்பது பேர் வெளியே வந்தார்கள். கால் விடவில்லை. கடைசியாக நாடகக்காரரின் மனைவி இருமிக்கொண்டே வாசலைத் தாண்டியதும், எல்லோருடைய பாதமும் ஒரே நேரத்தில் எழும்பியது. யாரும் யாரையும் அடிக்கவில்லை.

இப்போது எத்தனையோ பேர் தெருவில் நாடகம் போடுகிறார்கள். பாதம் இன்னும் ஒட்டத்தான் செய்கிறது. சாவி வைத்திருப்பவர்கள் மட்டும் அதை டீக்கடையில் கொடுத்துவிட்டு வட்டத்துக்குள் போகிறார்கள்.