விட்டால் வலிக்கும் பல்

ரொட்டியைக் கடிக்கும்போது தனுஜாவுக்கு ஒன்றும் செய்யாது. கடித்த பல்லை விடும்போதுதான் உள்ளே மின்னல் மாதிரி ஒன்று ஓடும். மாதக்கணக்கில் இதைச் சொல்லிப் பார்த்துவிட்டாள். ஓரிடத்தில் பக்கத்துப் பல்லைப் பிடுங்கினார்கள். நல்ல பல் போனது, வலி போகவில்லை. இன்னோரிடத்தில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். படத்தில் பல் பழுதில்லாமல் இருந்தது. பூனாகலையிலிருந்து பதுளைக்கு பஸ்ஸில் வரும்போதும் புருஷன் ரஜீவ் சிரித்தான்.

“விட்டாத்தான் வலிக்குதா? அப்ப விடாம கடிச்சிக்கிட்டே இரு. எனக்கும் கொஞ்சம் நிம்மதி.”

அவள் சிரிக்கவில்லை. தேயிலை மலையில் பனிமூட்டம் இறங்கினால் அடுத்த நிரையில் கொழுந்து எடுப்பவள் மறைந்துபோவாள், பேச்சு மட்டும் வரும். இந்த வலியும் அப்படித்தான். ஆள் இல்லாத குரல். சில நாட்களாக அவளுக்கே சந்தேகம், தானாக நினைத்துக்கொள்கிறோமோ என்று.

பதுளைப் பல் கிளினிக்கின் சாய்ந்த நாற்காலியில் படுத்ததும் தூக்கத்தில் மிதப்பது போலிருந்தது. வாசலில் நின்றபடி ரஜீவ் சொன்னான்: “படத்துலயே ஒண்ணுமில்லங்க டாக்டர். பேசாம இதையும் புடுங்கிருங்க.”

டாக்டர் ஜுமானா பல்லின் ஒரு மூலையில் சிறிய பிளாஸ்டிக் குச்சியை வைத்தார்.

“கடிங்க.”

கடித்தாள்.

“விடுங்க.”

தனுஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. விடு தனுஜா, சும்மா நெனப்பு என்று எத்தனை பேர் சொல்லியாயிற்று. இப்போது இவருமா? குச்சியைக் கடித்தபடியே காலைக் கீழே வைத்து எழுந்தாள்.

“சரிங்க டாக்டர், விட்டுர்றேன்” என்றாள் பல்லிடுக்கில்.

“ஐயோ, எழும்பாதீங்க! வலிய விடச் சொல்லல்ல. குச்சிய விடுங்க!”

விட்டாள். மின்னல் காது வரை ஓடியது. “அம்மா!” என்று டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இதத்தான் தேடினேன்” என்றார் ஜுமானா.

அறை விளக்கை அணைத்தார். மெல்லிய வெளிச்சமொன்றைப் பல்லின் பக்கவாட்டில் வைத்து ரஜீவைக் கூப்பிட்டார். “இங்க வந்து பாருங்க. வெளிச்சம் பாதியில நிக்கிதா? அந்த எடத்துல வெடிச்சிருக்கு. படத்துல விழாத அளவுக்கு மெல்லிசான கீறல்.”

ரஜீவ் குனிந்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் வாய்க்குள் அவன் பார்த்ததேயில்லை.

“வேர் வரைக்கும் போயிருந்தா எடுக்கத்தான் வேணும். இல்லன்னா பல்லுக்கு மேல மூடி போட்டு வச்சிக்க ஏலும். தொறந்து பாத்தாத்தான் சொல்லலாம்.”

“வச்சிக்கவே பாருங்க டாக்டர்” என்றான் ரஜீவ்.

அவன் மூச்சு கன்னத்தில் பட்டது. தனுஜா வாயை இன்னும் அகலமாகத் திறந்தாள். இருட்டில் அவன் கண்மணிக்குள் அவள் பல் ஒரு பொட்டு வெளிச்சமாகத் தெரிந்தது, பாதி எரிந்தும் பாதி அணைந்தும். அவன் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.