கண் டாக்டரின் முகம் போன விவரம்

கண் டாக்டரின் முகம் அவருடைய பாராட்டு விழாவிலேயே காணாமல் போனது. மூன்றாவது பேச்சாளர் உட்கார்ந்து நான்காவது பேச்சாளர் எழுந்திருப்பதற்குள். இரண்டு காதுகளுக்கு நடுவே, எழுதியதை ஈர விரலால் தேய்த்துவிட்ட மாதிரி ஒரு சாம்பல் திட்டு மட்டும் மிஞ்சியது. பின்னால் தொங்கிய பேனரில் 'கண்கண்ட தெய்வம்' என்ற எழுத்துகளுக்கு மேல் சிரித்துக்கொண்டிருந்த முகமும் கூடவே போயிற்று. நான்காவது பேச்சாளர் அனுபவஸ்தர். 'ஒளி வீசும் இந்த முகத்தை' என்று எழுதிக்கொண்டு வந்ததை மாற்றாமல் அப்படியே வாசித்தார். கூட்டமும் கைதட்டியது.

பார்த்து அழித்தவள் முதல் வரிசையில் இருந்த காஜாக்காரம்மா. பள்ளிச் சீருடைக் கடை வாசலில் உட்கார்ந்து, சட்டைகளின் பொத்தான் துளைக்கு நூலால் விளிம்பு கட்டும் காஜா வேலை செய்தே இரண்டு மகள்களைக் கரையேற்றியவள். அறுபதைத் தாண்டிய ஒரு காலையில் கதவு நிலை நடுவில் வளைந்து தெரிந்தது. டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் தலையைத் தூக்காமல், "கதவு வளைஞ்சா கார்பெண்டர்கிட்ட போகணும், இங்க எதுக்கும்மா வந்தீங்க?" என்றார். கம்பவுண்டர் விழுந்து விழுந்து சிரித்தார். சம்பளத்தில் அதுவும் சேர்த்தி. அடுத்த முறை, பார்க்கிற இடத்தில் நடுவே மட்டும் இருட்டாக இருக்கிறது என்றாள். "வயசானா அப்படித்தான். இன்னும் என்னத்தப் பாத்து என்ன ஆகப் போகுது?" என்று சொட்டு மருந்து எழுதினார். கடைசியில் மூத்த மகள் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டது, நேர்கோடு வளைந்தபோதே கண்ணில் ஊசி போட்டிருந்தால் நிறுத்திவைத்திருக்கலாம் என்றார்கள். "முன்னாடியே வர்றதுக்கு என்ன?" என்று நர்ஸ் வேறு அதட்டினாள். காஜாக்காரம்மா அழவில்லை. பல்லைக் கடித்த கடியில் ஒரு கடைவாய்ப் பல் விரிசல் விட்டது.

இந்த நோய் ஓரப் பார்வையைத் தொடுவதில்லை. ஒருவர் முகம் தெரிய வேண்டுமென்றால் அவர் காதுக்கு அந்தப் பக்கம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். காஜாக்காரம்மாவுக்குக் கூடுதலாக ஒன்று வாய்த்தது: கோபத்தோடு அவள் நேராகப் பார்த்தது எல்லோர் கண்ணுக்கும் அழிந்துபோனது. "அத்தைக்கு இனிமே கடைக்குப் போற வேலை மிச்சம்" என்று சிரித்த மருமகனின் மீசைதான் முதல் பலி. அவள் ஓரக்கண்ணில் படும் இடத்தில் மட்டும் மீசை திரும்பி வந்ததால், மருமகன் அதன்பின் அத்தைக்குப் பக்கவாட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். அவளோ மிச்சக் கோபத்தை வேறு யார்மீதும் செலவழிக்காமல், விழா வரும்வரை பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

டாக்டருக்குச் சவரச் செலவு மிச்சமானது. சொந்த கிளினிக்கில் வாட்ச்மேன் அவரை டோக்கன் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். கொஞ்ச நாள் துண்டைப் போர்த்திக்கொண்டு திரிந்துவிட்டு, மீசை விவகாரம் காதில் விழுந்ததும், சீருடைக் கடைக்கு வந்து காஜாக்காரம்மாவின் இடது பக்கம் நின்றார். மூக்கும் முழியுமாக முகம் திரும்ப வந்தது.

"என் முகத்தக் குடுத்துரும்மா."

"நான் என்ன டப்பாவுலயா போட்டு வெச்சிருக்கேன்? என் கண்ணு ஓரத்துல இருக்கிற வரைக்கும் இருக்கும். எந்திரிச்சுப் போனா போயிரும்."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"ஸ்டூல் கெடக்குது, உக்காருங்க. சும்மா உக்கார வேணாம், அந்தச் சட்டைய எடுங்க."

அவர் கட்டிய முதல் காஜாக்களில் பொத்தான் நுழையவில்லை. அவள் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "எலி கடிச்ச மாதிரி இருக்கு. பிரிங்க" என்பாள். பெரிய டாக்டர் பிரிப்பார். முணுமுணுத்தால் அவள் கழுத்தை மெல்ல இடது பக்கம் திருப்புவாள். மூக்கு நுனி மங்கும்போதே முணுமுணுப்பு நின்றுவிடும்.

வருஷங்கள் ஓடிவிட்டன. டாக்டரின் மனைவி முகம் பார்த்துச் சண்டை போட வேண்டுமென்றால் கடைக்கே வருகிறார். பாஸ்போர்ட் போட்டோவும் அங்கேயேதான் எடுத்தார்கள். மற்ற நாட்களில் கடை ஆறு மணிக்குச் சாத்தப்படும். பள்ளி திறக்கிற மாதத்தில் வேலை அதிகம் என்பதால், அப்போது மட்டும் டாக்டருக்கு எட்டு மணிவரை முகம் இருக்கும்.